வாட்டுத் தளம்

பதினெட்டு ஜெர்ஸி, பதினெட்டு கால்சட்டை,
காலுறை மட்டும் முப்பத்தைந்து.
கோயமுத்தூர் டீம் பயிற்சிக்கு வந்திருக்கிறது.
ஐப்பசியில் கோத்தகிரியில் துணி காயாது என்று
யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.
ராத்திரி ஷிப்டில் இலை வாட்டுகிறவள் நான்.
தொட்டிக்கு மேலே கொடி கட்டினேன்.
கீழிருந்து வந்த சூட்டுக் காற்றில்
பதினெட்டுப் பேர் தலையில்லாமல் ஆடினார்கள்.

எனக்குப் பந்து தெரியாது. துணி தெரியும்.
கோலி சட்டைக்கு முழங்கையில் சேறு.
பின்வரிசைக்காரர்களுக்குத் தொடையெல்லாம் புல்.
இருபத்தேழாம் நம்பருக்கு மட்டும்
முதுகில் யாரோ பிடித்து இழுத்த சுருக்கம்,
தினமும், தையல் விட்டு.

பேர் கொந்தோரி. பொலிவியா.
அச்சடித்தவன் நடுவில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டான்.
ஃபேக்டரியில் நாங்கள் கஸ்தூரி என்று கூப்பிட்டோம்.
திரும்பிப் பார்த்தான்.

"மலை உயரம், மூச்சு வாங்கும், பழகுங்கள்"
என்றாராம் கோச்.
இவன் ஊர் இதைப்போல் இரண்டு பங்கு உயரம்.
இந்தப் பள்ளத்தில் என்ன பழகுவது என்று சிரித்தான்.

குளிருக்கு வாட்டுத் தளத்தில் வந்து உட்காருவான்.
அவன் பேச, அவன் போன்
பஸ் ஸ்டாண்டு அறிவிப்புக் குரலில் தமிழ் சொல்லும்:
பதினாறு வயதில் முதல் ஆட்டம், நம்பர் ஒன்பது.
பதினெட்டில் விற்றார்கள், நம்பர் பத்தொன்பது.
பிறகு கடன்.
கடனா?
மறுபடி கேட்டோம். கடன்தான்.
ஆளையே கடன் கொடுப்பார்களாம்,
ஆறு மாதத்துக்கு, ஒரு சீசனுக்கு.
வட்டி யாருக்கு என்று கேட்டேன்.
போன் சுற்றிக்கொண்டே இருந்தது.

எங்கள் வீட்டிலும் ஒரு ஒப்பந்தம் உண்டு.
அப்பாவை அட்டனில் கப்பலேற்ற ரயிலேற்றியது அது.
மண்டபம் முகாமில் பேரைத் தப்பாக எழுதினார்கள்.
அந்தத் தப்புதான் என் இனிஷியல்.
இதை நான் போனிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில்
உருளைக்கிழங்குக் குவியலைப் பார்த்து நின்றுவிட்டான்.
"பாப்பா" என்றான், கண் கலங்க.
கடைக்கார லில்லிக்குப் புரியவில்லை.
"பாப்பா ஸ்கூல் லீவுக்கு அவ அத்தை வீட்டுக்குப் போயிருக்கு சார்."
ஒரு கிழங்கை எடுத்து முகர்ந்து காட்டினான்: பாப்பா.
அவன் பாஷையில் கிழங்குக்கு அதுதான் பேராம்.
லில்லி கால் கிலோ சும்மா போட்டாள்.
அவள் யாருக்கும் சும்மா போட்டதில்லை.

மூன்றாவது வாரம் இருபத்தேழு சுத்தமாக வந்தது.
சேறு இல்லை, சுருக்கம் இல்லை,
கழுத்துப்பட்டையில் மட்டும் வியர்வை.
உட்கார்ந்திருந்தவனின் சட்டை.
மறுநாளும்.
நான் கேட்கவில்லை. துவைத்துத்தான் போட்டேன்.

கடைசி ஆட்டத்துக்கு ஷிப்டு மாற்றிக்கொண்டு போனேன்.
காந்தி மைதானத்தில் மூடுபனி,
இந்தக் கோலிலிருந்து அந்தக் கோல் தெரியாது.
எழுபத்தொன்றாவது நிமிஷம் இறக்கினார்கள்.
பனிக்குள் போனான்.
கம்பத்தில் பந்து மோதும் சத்தம் மட்டும் வந்தது.
மோதி உள்ளேயா வெளியேயா என்று
ஜனம் கொஞ்சநேரம் சும்மா இருந்தது.
வெளியே.

இரவு போன் சொன்னது:
அடுத்த ஊர் கடற்கரை. நம்பர் நாற்பத்திநான்கு.
ஊர்ப் பேரை அவனாலும் சரியாகச் சொல்ல முடியவில்லை.
ஐந்தேமுக்கால் பஸ், மேட்டுப்பாளையம்.

இலை வாடிவிட்டதா என்று
கையில் ஒரு பிடி இறுக்கித் திறந்து பார்ப்போம்.
வாடியது உருண்டையாக அப்படியே கிடக்கும்.
வாடாதது துள்ளி விரியும்.
விடிகாலை, பழக்கதோஷத்தில்,
கொடியிலிருந்த சட்டையைப் பிடித்து இறுக்கித் திறந்தேன்.
என் உள்ளங்கையை விட்டே எகிறியது.
மடித்துக் கொடுத்தேன். தேயிலை வாசம், மன்னித்துக்கொள் என்றேன்.
முகர்ந்து பார்த்து பைக்குள் மேலாக வைத்தான்.

அந்த ஒற்றைக் காலுறை
இன்றுவரை கிடைக்கவில்லை.